1729-க்கு அப்பாலும் ஒரு ராமானுஜன்

டிசம்பர் 22, தேசிய கணித தினம் வந்துவிட்டால் பள்ளி மேடைகளில் 1729 ஏறிவிடும். மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜன், பார்க்க வந்த கணித அறிஞர் ஹார்டி சொன்ன டாக்சி எண், படுக்கையிலிருந்தே வந்த பதில் எல்லாம் மாணவர்களுக்கு மனப்பாடம். கேட்கக் கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் அதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, கணிதம் மின்னலாக வந்து இறங்கும் வரம் என்று நினைத்துக்கொள்கிறது. ராமானுஜன் உட்கார்ந்து உழைத்ததைக் காட்டும் எண் வேறு.

67,46,32,83,88,800.

ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. லண்டன் கணிதச் சங்க இதழில் 1915-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரையின் அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைத்தான் அவர் தேடினார். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் நாலுக்கு மேல் கிடையாது. 60-க்குப் பன்னிரண்டு. ஒரு மணி நேரத்தைப் பாதி, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று மிச்சமில்லாமல் பிரிக்க முடிவது அதனால்தான்.

அட்டவணையின் கடைசி எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23. காரணிகளை எண்ண, ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10,080. அத்தனை காரணிகள்!

கணினி இல்லாத காலத்தில் இப்படி 102 எண்களைக் கையால் கணக்கிட்டுப் பட்டியலிட்டார். ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கிறது. அந்த விடுபடல் அவர் புகழைத் துளியும் குறைக்காது. பெருக்கியும் ஒப்பிட்டும் பார்த்த ஒரு மனிதக் கை அங்கே இருந்ததை அது காட்டுகிறது.

கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பை இழந்தவர் அவர். இந்த ஆய்வுக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. லண்டன் சங்கத்தின் நிதி நெருக்கடியால் அன்று அச்சேறாத, கட்டுரையின் எஞ்சிய பகுதி 1997-இல் வெளிவந்தது.

எல்லாம் குலதெய்வமான நாமகிரித் தாயாரின் அருள் என்று ராமானுஜன் நம்பினார். அதை மதித்துச் சொல்லும் மேடைகள், அவர் தாள் தாளாகப் போட்ட கணக்கையும் சொல்ல வேண்டும்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் டிசம்பர் 22-இல் டாக்சி கதையைச் சொன்ன பிறகு, இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். இரண்டால் வகுக்கத் தெரிந்த பிள்ளை தொடங்கி வைக்கட்டும். 23 வரை வகுத்து முடிக்க ஒரு பாடவேளை போதும்.