ஸ்லைடு பேசாது, நாமதான் பேசணும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு வந்தா. "அப்பா, அறிவியல் வகுப்புக்கு பிபிடி ரெடி. தலைப்பு நம்ம ஊர் சுரங்கம். மொத்தம் 22 ஸ்லைடு!" முகத்துல அவ்வளவு பெருமை. நெய்வேலியில பொறந்த பிள்ளை வேற எதைப் பத்திச் செய்யும்?

பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மூலையிலிருந்து பறந்து வந்து உட்காருது. நடுநடுவுல பக்கெட் வீல் படம் குட்டிக்கரணம் போடுது. ஸ்லைடுக்குப் பன்னிரண்டு வரி. அவ திரையைப் பார்த்து வாசிச்சா, நாங்க அவ முதுகைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லைங்க. காலேஜ்ல ஓஎச்பி ஷீட்டுல பாடப்புத்தகத்தையே காப்பி அடிச்சு எழுதி, அதையே வாசிச்சுட்டு இறங்கினவன் நான். ஷீட் வரிசை மாறினா பேச்சு நின்னுடும் :-)

வகுப்பறை ஸ்லைடுகளை நான் நாலு ரகமாப் பிரிப்பேன். முதலாவது ஒப்பிக்கிற ரகம், மேலே சொன்னது. ரெண்டாவது கல்யாண வீட்டு ரகம். சீரியல் செட் மாதிரி மின்னும், விஷயம் என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது. மூணாவது ஒத்தை வார்த்தை ரகம். 2001-ல் ஜப்பான்காரர் மசயோஷி தகஹாஷி ஒரு கணினிக் கருத்தரங்கில் இப்படிப் பேசினார். படம் கிடையாது, ஸ்லைடுக்கு ஓரிரு வார்த்தை, பெரிய எழுத்தில். நாலாவது பெச்சா குச்சா, 2003-ல் டோக்கியோவில் ஆரம்பிச்சது. 20 ஸ்லைடு, ஒவ்வொண்ணுக்கும் 20 வினாடி, தானா மாறிடும். 6 நிமிஷம் 40 வினாடியில் முடிச்சாகணும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. முதல் ரெண்டு ரகத்துக்கும் ஒத்திகை தேவையில்லை. அதனாலதான் ஊர் உலகம் பூரா அதையே செய்யுது. பின்னது ரெண்டும் ஒத்திகை இல்லாம நடக்கவே நடக்காது. ஆக, எந்த ரகம் உசத்திங்கிறது ரெண்டாம்பட்சம். திரையில எழுத்து எவ்வளவு குறையுதோ அவ்வளவு மண்டையில இருக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

"ஸ்கூல் பிள்ளைங்க விஷயம், விடுங்க சார்"னு சொல்றவங்களுக்கு ஒரு பெரிய ஆளுங்க விஷயம். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது ஒரு நுரைத்துண்டு பிய்ஞ்சு இடது இறக்கையில் மோதிச்சு. அதனால ஆபத்து வருமான்னு பொறியாளர்கள் ஆராய்ஞ்சு ஸ்லைடு போட்டு விளக்கினாங்க. சோதனை செய்து பார்த்த துண்டு 3 கன அங்குலம், இங்கே மோதினதோ சுமார் 1920. அதாவது 640 மடங்கு! இந்தக் கணக்கு ஸ்லைடோட அடியில, சின்ன எழுத்துல கிடந்தது. தலைப்போ தெம்பூட்டுற மாதிரி இருந்தது. பிப்ரவரி 1-ம் தேதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். ஸ்லைடுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை அலசினதை, விசாரணைக் குழுவே அந்த வருஷ அறிக்கையில் எடுத்துப் பேசிச்சு. முக்கியமானதை முக்கியமாச் சொல்லத் தெரியணும், அதான் பாடம்.

சரி, வீட்டுக்கு வருவோம். எங்கப்பா மைன்ஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல ஷிப்ட் பார்த்து ரிட்டையர் ஆனவர். ஊஞ்சல்ல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தவர், பேத்தியைக் கூப்பிட்டார். "பாப்பா, ஆர்ட்டீசியன் ஊற்று, அழுத்தம்னு என்னவோ வாசிச்சியே, அப்படின்னா என்ன?"

முழிச்சா. அவ ஸ்லைடுல இருந்தது, ஆனா அவகிட்ட இல்லை.

"கரிக்குக் கீழ தண்ணி முட்டிக்கிட்டு நிக்குதும்மா. மேல இருக்கிற மண்ணும் கரியும்தான் அதை அமுக்கி வெச்சிருக்கு. மண்ணை அள்ளினா பாரம் குறைஞ்சிடும், தண்ணி தரையைப் பொளந்துக்கிட்டு வந்துடும். அதனால ஆழ்குழாய் போட்டு ராப்பகலா இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கணும். இறைச்சாதான் கரி."

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம்னு அவ எழுதி வெச்சிருந்த எண்ணுக்கு அப்பத்தான் உயிர் வந்துச்சு. 22 ஸ்லைடு 7 ஆச்சு. நாலு நாள் ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், லேப்டாப்பை மூடி வெச்சுட்டு, நின்னுக்கிட்டு, வாய்விட்டுச் சொன்னா. தாத்தா குறுக்கே கேள்வி கேட்பார். திணறின இடத்தை மறுநாள் சரி பண்ணுவா. ஒத்திகைன்னா இதுதான். மவுசைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது ஒத்திகை இல்லை.

வகுப்புல நல்லாப் பேசினாளாம். ஒரு இடத்துல மறந்து போச்சாம், ஒரு நிமிஷம் நின்னுட்டு, சமாளிச்சுட்டாளாம். பரிசு? ஊஹூம். ஸ்லைடு அழகுக்கு 10 மார்க், பேச்சுக்கு 5. பூமி உருண்டையைச் சுத்த விட்ட பையனுக்குப் போயிடுச்சு.

எனக்கு வருத்தம் பரிசு போனதுல இல்லை. அந்த மார்க் கணக்குல. அழகான ஸ்லைடு செய்ய வீட்டுல லேப்டாப், நெட், கூட உட்கார ஒரு அண்ணனோ அக்காவோ வேணும். டவுன்ஷிப் வட்டங்களில் இதெல்லாம் இருக்கும். சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து பஸ் பிடிச்சு வர்ற பிள்ளைக்கு? ஒத்திகைக்கு வேண்டியது, கேட்கிறதுக்கு ஒரு ஆள். அது எல்லா வீட்டுலயும் உண்டு.

ஸ்லைடுல எல்லாம் இருந்தா பின்னாடி படிக்க உதவுமேன்னு ஆசிரியர்கள் சொல்றாங்க. நியாயம்தான். அதைத் தனியா ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கச் சொல்லலாமே. மார்க்கைத் திருப்பிப் போடுங்க, பேச்சுக்கு 10, ஸ்லைடுக்கு 5. கூடவே, புரொஜக்டரை அணைச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வந்தா, பிள்ளை படிச்சிருக்குன்னு அர்த்தம்.

பொண்ணு அடுத்ததுக்குத் தயாராகுறா. தலைப்பு இன்னும் முடிவாகலை. ஆனா தாத்தாவுக்கு ராத்திரி டூட்டி இப்பவே போட்டாச்சு :-)