பசலி என்னும் சொல்

அயற்சொற்களை அறவே விலக்க வேண்டும் என்பார் சிலர். வந்த சொல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பார் வேறு சிலர். சொல்லை வைத்துக் கொள்வதாயினும் நீக்குவதாயினும், முதலில் அதன் பொருளை அறிய வேண்டும் என்பதே என் கருத்து. இதற்குத் தாம்பரம் வட்டத்தில் வாழும் நமக்கு நல்லதொரு சான்று, ஜமாபந்தி அறிவிப்புகளில் ஆண்டுதோறும் காணும் ‘பசலி’ என்னும் சொல்.

பசலைக் கீரைக்கும் இதற்கும் உறவில்லை. அரபு மொழியில் ‘ஃபஸல’ என்றொரு வினை உண்டு. பிரித்தான், வேறாக்கினான் என்பது அதன் பொருள். அதிலிருந்து பிறந்த ‘ஃபஸ்ல்’ என்னும் பெயர்ச்சொல் பிரிவையும் பருவத்தையும் குறிக்கும். இன்றைய அரபு மாணவன் வகுப்பறையைக்கூட அச்சொல்லால்தான் அழைக்கின்றான். இந்தியிலோ அது பயிரைக் குறிக்கின்றது. வினை நம்மிடம் வரவில்லை. அதன் வழி வந்த சொல் மட்டும் வருவாய்த் துறைக் கணக்கில் தங்கிவிட்டது.

அது கணக்கில் ஏறியதற்கும் காரணம் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அவ்வாண்டின்படி வரி கேட்டால், சில ஆண்டுகளில் கதிர் முற்றுமுன்பே தண்டல்காரர் வந்து நிற்பார். ஆகவே அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டிய பசலி ஆண்டு ஏற்பட்டது. இன்று நம் மாநிலத்தில் அது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகின்றது. பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டினால், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1360 என்றால் 1950-51.

“சேலையூரிலும் முடிச்சூரிலும் வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன, இனி அறுவடை ஆண்டு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விளைச்சல் என்ற பொருள் மறைந்து, பிரித்தல் என்ற மூலப்பொருளே இங்கு மிஞ்சியிருக்கின்றது என்பது மெய்தான். ஆனால் எந்தப் புல எண்ணில் என்ன விளைந்தது என்பதைப் பசலி வாரியாகக் காட்டுவது அடங்கல் கணக்கு. 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, “இவ்விடத்தில் முன்பு என்ன இருந்தது?” என்று பலரும் கேட்டோம். வயல் எது, ஏரி எது, வாய்க்கால் எது என்று தேட உதவும் ஏடுகளுள் பழைய கிராமக் கணக்கும் ஒன்று. பசலி புரியாதவருக்கு அந்த ஏடு திறந்திருந்தும் மூடியதே.

ஜமாபந்திக்கு ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று அரசு பெயர் தந்திருப்பதை வரவேற்கின்றேன். பசலிக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வழங்கட்டும். எனினும் பழைய பத்திரங்களில் எழுதிய சொல்லை யாரும் மாற்ற முடியாது. எனவே அறிவிப்புகளில் பசலி எண்ணுக்கு அருகே ஆங்கில ஆண்டையும் அச்சிட வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டுவதில்லை. மனு எழுதத் துணை தேடும் பெரியவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றார்கள். 590ஐக் கூட்டிச் சொல்லும் சிறு உதவியையாவது பட்டப்படிப்புப் படிக்கும் நாம் அவர்களுக்குச் செய்யலாகாதா?