வலவனும் மனிதனே

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய 27ஆம் புறப்பாடல், புலவர் பாடும் புகழுடையோர் வலவன் செலுத்தாத வானவூர்தியில் விண்ணுலகு எய்துவர் என்னும் பழந்தமிழர் நம்பிக்கையைச் சுட்டுகின்றது. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வானவூர்தியைக் கேட்டு வியப்பர். என் உள்ளமோ ‘வலவன்’ என்னும் சொல்லிலேயே நின்றுவிடும். ஊர்தியைப் போற்றும் நாம் அதனைச் செலுத்துவோனை எண்ணிப் பார்க்கின்றோமா? அதிலும், பயணி ஒருவருமின்றிப் பெட்டிகளை மட்டும் சுமந்து நள்ளிரவில் பறக்கும் சரக்கு விமானியை எண்ணுவோர் எத்தனை பேர்?

இன்று மாலை ஒப்படைத்த பொதி நாளைக் காலை சேர வேண்டும் என்பது வணிகத்தின் விதி. ஆதலின் சரக்கு விமானிக்கு இரவே பகல். வாடகைக்குப் பறக்கும் விமானங்களின் நிலை இன்னும் கடிது. அவற்றுக்கு நிலையான வழித்தடம் இல்லை. இன்று பந்தயக் குதிரைகள். நாளை எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள். மறுநாள் வெள்ள நிவாரணப் பொருள்கள். ஹஜ் காலத்தில் பயணியர். முன்பின் அறியாத நகரத்து விடுதியில், எப்போது வரும் என்று தெரியாத அழைப்புக்காகக் காத்திருப்பதும் அப்பணியின் ஒரு பகுதியே. 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் பயணியர் விமானங்கள் தரையில் முடங்கியபோது மருந்தையும் கருவிகளையும் நாடுதோறும் சுமந்து சென்றவர்களுள் இவர்களும் உண்டு. ஆயினும் சட்டம் இவர்களை எவ்வாறு நடத்துகின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 அன்று, கியூபாத் தீவின் குவாண்டனாமோ அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் இறங்க முயன்ற டிசி-8 சரக்கு விமானம் ஓடுபாதையை எட்டுமுன் விழுந்து நொறுங்கியது. மூவரும் படுகாயங்களோடு உயிர் பிழைத்தனர். தலைமை விமானி 23 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. களைப்பே விபத்தின் காரணம் என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளிப்படையாக அறிவித்தது. உறக்கமின்மையின் கேட்டினை உலகுக்கு உணர்த்தியது ஒரு சரக்கு விமானம் என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் பஃபலோ நகருக்கருகே பயணியர் விமானம் ஒன்று விழுந்து 50 பேர் மாண்டனர். அதன்பின் அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகம் விமானியரின் பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் புதிய விதிகளை வகுத்து, 2011 டிசம்பரில் அறிவித்தது. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதனுள் 8 மணி நேரம் இடையூறின்றி உறங்க வாய்ப்பு என்பன அவற்றுள் தலையாயவை. 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்த அவ்விதிகள் சரக்கு விமானியரை மட்டும் விலக்கிவிட்டன. விரும்பும் சரக்கு நிறுவனங்கள் தாமே முன்வந்து ஏற்கலாமாம்! விலக்குக்குக் கூறப்பட்ட காரணம் யாது? ஆகும் செலவு, விளையும் பயனை விஞ்சும் என்பதே. பின்னால் அமர்ந்திருப்போர் தொகையைக் கொண்டு முன்னால் அமர்ந்திருப்போனின் உறக்கத்துக்கு விலை வைத்த கணக்கு இது.

விதி அறிவிக்கப்பட்டு, நடைமுறைக்கு வருமுன்பே, 2013 ஆகஸ்டு 14 விடியற்காலையில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் ஒரு சரக்கு விமானம் இறங்கும்போது குன்றின் சரிவில் மோதியது. விமானியர் இருவரும் மாண்டனர். நிலைகொள்ளாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்தமையே முதற்காரணம் என்றும், களைப்பும் துணைக்காரணங்களுள் ஒன்று என்றும் விசாரணை கூறியது. துணை விமானி தம் ஓய்வு நேரத்தைச் சரிவரப் பயன்கொள்ளவில்லை என்றும், அவர்களது பணி நிரல் புதிய விதிக்கும் உட்பட்டே இருந்தது என்றும் அவ்வறிக்கை சுட்டியது. எனவே, ‘சட்டம் மாறினால் மட்டும் என்ன பயன்?’ என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. சட்டம் மட்டும் போதாது என்பதே அதன் விடை. சட்டம் வேண்டா என்பதன்று. உறங்கும் கடமை விமானிக்கு உண்டு. உறங்க விடும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. ஒன்று தவறிற்று என்பதற்காக மற்றொன்றை நீக்குதல் நீதியாகாது.

உறக்கத்தில் மட்டுமன்று, சுமையிலும் இவ்வேற்றுமை தொடர்கின்றது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானத்தில் தீப்பற்றியது. அதன் சுமையில் லித்தியம் மின்கலங்கள் மிகுதியாக இருந்தன. கருவிகளைக் காணவொட்டாது புகை சூழ்ந்த அறையிலிருந்து விமானத்தை மீட்க முயன்ற இருவரும் உயிரிழந்தனர். லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காகப் பயணியர் விமானங்களில் ஏற்றுதல் 2016 ஏப்ரல் 1 முதல் உலகளவில் தடுக்கப்பட்டது. சரக்கு விமானத்திலோ, 30 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றம் கூடாது என்ற வரம்போடு அனுமதி நீடித்தது. பயணிக்குத் தீங்கானது விமானிக்கு மட்டும் எவ்வாறு தீங்கற்றதாகும்?

பயணியரைச் சுமக்கும் வாடகை விமானத்திலும் அவசரம் உயிரைக் குடிப்பதுண்டு. 1991 ஜூலை 11 அன்று, ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றி ஜித்தாவிலிருந்து நைஜீரியாவின் சொகோட்டோவுக்குத் திரும்பிய பயணியரை ஏற்றிய கனடா நாட்டு வாடகை விமானம் எழும்பிய சிறிது நேரத்தில் எரிந்து வீழ்ந்தது. 261 பேர் மாண்டனர், ஒருவரும் தப்பவில்லை. டயர்களில் காற்றழுத்தம் குறைந்திருந்தது முன்னரே தெரிந்திருந்தும், காலத்தாழ்வை விரும்பாது விமானம் புறப்பட விடப்பட்டது. டயருக்குக் காற்றடைக்கும் நேரம் எவ்வளவு? அந்நேரத்தைச் சேமித்ததற்குக் கொடுத்த விலை எவ்வளவு? ‘இன்று பறப்பதற்கில்லை’ என்று சொல்லும் துணிவும், சொன்னவரைத் தண்டிக்காத நிருவாகமும் ஒருங்கே வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கூடுதல் ஓய்வளித்தால் கூடுதல் விமானியரை அமர்த்த வேண்டும், கட்டணம் உயரும் என்பர். உண்மையே. உயர்ந்த அக்கட்டணம் நாம் வாங்கும் பொருளின் நேரிய விலையாகும். அது குறைந்திருப்பது ஒருவன் கண்விழித்துத் தந்த கடனால்.

இந்நிலையில், நெடும்பறப்பில் ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் தனித்தே செலுத்தலாம் என்னும் கருத்தும் எழுந்தது. ஐரோப்பிய வான்பயணப் பாதுகாப்பு முகமை அதனை ஆராய்ந்து, இருவர் பணிக்கு ஈடான பாதுகாப்பை இப்போதைய கருவிகளால் தர இயலும் என மெய்ப்பிக்க முடியவில்லை என்று 2025இல் முடிவு கூறியது. புறநானூறு சொன்ன வலவனில்லா ஊர்தி இறந்தோர்க்கு உரியது. வாழ்வோர்க்கு விழிப்புள்ள வலவன் வேண்டும்.

ஓர் உயிரின் மதிப்பை மானுடம் முழுமையின் மதிப்போடு ஒருங்கு வைத்துப் பேசுவது திருக்குர்ஆன். அந்நெறியில் வந்த நாம், இருவர்தாமே, மூவர்தாமே என்று எண்ணிக்கை பார்த்தல் தகாது. பயணியர் விமானிக்குள்ள ஓய்வு விதி சரக்கு விமானிக்கும் வேண்டும். களைப்புற்றேன் எனச் சொல்வோனின் ஊதியம் குறைக்கப்படல் கூடாது. நாளை விமானியாகவோ, நிருவாகியாகவோ, சட்டம் இயற்றுவோராகவோ ஆகக்கூடிய மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக. இரவெல்லாம் பறப்போர் நலமுடன் இல்லம் திரும்ப வல்ல இறைவன் அருள்புரிவானாக!