கைக்கி எங்கே போச்சு?

பரீட்சை முடிஞ்ச கையோட அறையில இருந்து நாங்கள் பாக்கிற பயண வீடியோக்களில பாதி கிரேக்கத் தீவுகள்தான். பரோஸ், நக்ஸோஸ், சந்தோரினி எண்டு பாய்மரப் படகொன்று தீவு தீவாகப் போகும். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வெள்ளைப் படகுகளில் பெரும்பாலானவை வாடகைக்கு விடுகிற ஃபைபர் கிளாஸ் படகுகள்.

ஏஜியன் கடலின் சொந்தப் படகு 'கைக்கி'. தச்சர்கள் பரம்பரைக் கைப்பழக்கத்தில் செய்த மரப்படகு. கடலில் மீன் குறையுது எண்டு, மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஆக்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் காசு கொடுத்தது. அதோடு படகையும் அழிக்கச் சொன்னது. 1990களில் இருந்து ஆயிரக்கணக்கான மரப்படகுகள் கரையில் வைத்தே இயந்திரத்தால் நொறுக்கப்பட்டன.

மீனைக் காப்பாத்தத்தான் வேணும், அதில மறுப்பில்லை. உரிமத்தை எடுத்துக்கொண்டு படகை விட்டிருக்கலாமே? அதே கைக்கி இண்டைக்குப் பயணிகளை ஏத்திக்கொண்டு தீவுக்குத் தீவு போயிருக்கும். படகு மட்டுமா போனது? வேலை இல்லாத பட்டறைக்கு யார் தொழில் பழக வருவினம்?

அடுத்தமுறை அந்த வீடியோக்களைப் பாக்கேக்க, துறைமுக மூலையில் நிறம் பூசின மரப்படகு ஒண்டாவது நிக்குதா எண்டு பாருங்கோ.