இரண்டு முறை பிடித்துத் தைத்த சுடிதார்

வெம்பாக்கம் வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபம் முதலில் என்மேல்.

என் மகள் மாங்கால் கூட்ரோடு சிப்காட்டில் வேலை பார்க்கிறவள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். வயிறு வலிக்கிறது என்றாள். "வெறும் வயித்தோட ஓடினா வலிக்காதா?" என்றேன். அப்புறம் வயிற்றுப்போக்கு. நாலு நாள் நிற்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். "உடம்பு சூடு" என்று அவள் அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். நான் மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கி வந்தேன். தொக்கமும் எடுத்தோம். உள்ளேயிருந்து வந்தது என்று எதையோ காட்டினார்கள், நிம்மதியாக வீடு திரும்பினோம். இதற்கிடையில் சுடிதார் தொளதொளத்துப்போய், அவள் அம்மா இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை ஏன் இளைக்கிறாள் என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டுத் தேடுகிறவன் நான்.

வலி தொடங்கி ஏழாவது மாதம்தான் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். குடல் காசநோய். "டிபி நுரையீரலில்தானே வரும்?" என்று கேட்டேன். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடம் அதற்குப் பிடித்த இடமாம். குரோன்ஸ் என்று இன்னொரு குடல் நோய் இருக்கிறது; அதுவும் இளவயதில்தான் அதிகம் தலைகாட்டும். உள்ளே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் குரோன்ஸுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டைக் காசநோய்க்காரருக்குக் கொடுத்தால் நோய் முற்றிவிடும். மருத்துவர்களே இவ்வளவு யோசிக்கிற இடத்தில், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "கேஸ்" என்று பெயர் வைக்க நாம் யார்?

நம் மண்ணுக்கு நாள்பட்ட குடல் நோய் புதிதும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் பழைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் நாள்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு பரவியது. நம் செய்யாறு, வெம்பாக்கம் பக்கமெல்லாம் அன்று அந்த மாவட்டம்தான். தின்றது உடம்பில் ஒட்டாமல், நாக்கு புண்ணாகி, இரத்தம் வற்றி ஜனங்கள் இளைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கரும் மாத்தனும் கிராமங்களிலேயே அதை ஆராய்ந்தார்கள். சிறுகுடலின் உள்தோல் சத்தை உறிஞ்ச முடியாமல் போன நோய் அது. ஃபோலிக் அமிலம், பி12, டெட்ராசைக்ளின் என்று மருந்தும் இருந்தது.

எல்லா வயிற்று வலியும் காசநோய் என்று கிளம்பிவிடாதீர்கள். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. தறிக்குழியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்ததற்குத் தின்னும் வலி மாத்திரையே இரைப்பையைப் புண்ணாக்கும். எச்.பைலோரி என்ற கிருமியும் புண்ணாக்கும். அதை நிரூபிக்க 1984இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அந்தக் கிருமியைத் தானே குடித்தார், 2005இல் நோபல் பரிசும் வாங்கினார். தைராய்டு கூடினாலும் வயிறு போகும். எந்தச் சோதனையிலும் ஒன்றும் தெரியாமல், வலியும் போக்கும் மட்டும் மாதக்கணக்கில் வந்து வந்து போகிற குடல் எரிச்சல் நோயும் உண்டு. அதை நடிப்பு, வேலைக்குப் போக சோம்பல் என்று திட்டுகிறோமே, அந்தப் பாவம் நம்மைச் சும்மா விடாது.

ஆனால் மலத்தில் இரத்தம், காரணமில்லாத இளைப்பு, சாயங்காலக் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, ஓயாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். செய்யாறு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

"வயித்துல டிபின்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வருமா?" என்று என் வீட்டிலேயே குரல் எழுந்தது. நுரையீரலில் இல்லாமல் குடலில் மட்டும் இருந்தால் அது பக்கத்தில் இருப்பவருக்கு இருமலில் தொற்றாது. ஆறு மாத மருந்து, அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. 2024 நவம்பரிலிருந்து சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறது. என் மகள் மருந்தை முடித்துவிட்டாள். சுடிதாரின் தையலைப் பிரித்தாயிற்று.

பஸ்ஸில் அடக்க வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போகும் பெண்பிள்ளை தானாக வந்து இதையெல்லாம் சொல்லமாட்டாள். பையனும் சொல்லமாட்டான். இன்று இராத்திரி சாப்பாடு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, இரத்தம் வருகிறதா. கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.