பேக்கப் இருக்குன்னா மட்டும் போதாது, அண்ணாச்சி!

"ஓடுற வண்டியை எதுக்குப்பா நிறுத்தணும்?" நம்ம ஊர்க் கடைகள்ல சாஃப்ட்வேர் அப்கிரேடு பத்திப் பேச்செடுத்தா பெரும்பாலும் வர்ற பதில் இதுதான். கேள்வி நியாயமானதுதான். தறி வச்சிருக்கிறவருக்கு நூல் கணக்கு நிக்கணும், பூ கமிஷன் கடைக்காரருக்கு விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி தெரியணும். உள்ளே எந்த வெர்ஷன் டேட்டாபேஸ் ஓடுதுன்னு அவருக்கு என்ன கவலை?

ஆனா அந்த வண்டி எத்தனை நாள் ஓடும்னு சாஃப்ட்வேர் செஞ்சவங்களே தேதி போட்டு வச்சிருக்காங்க. மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபர்ல முடிஞ்சது. எஸ்கியூஎல் சர்வர் 2014-க்கு 2024 ஜூலை 9, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. போஸ்ட்கிரஸ்ல ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருஷம்தான் ஆயுள். அதுக்கப்புறம் பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தாலும் அடைச்சுக் கொடுக்க மாட்டாங்க. ஆக, அப்கிரேடு என்னைக்காவது ஒருநாள் பண்ணித்தான் ஆகணும். நாமளா நாள் குறிச்சுப் பண்றோமா, சிஸ்டம் படுத்த பிறகு பதறி அடிச்சுப் பண்றோமான்னு மட்டும்தான் பார்க்கணும்.

நாள் குறிச்சுப் பண்ணினதுக்கு ஒரு பெரிய உதாரணம் நம்ம தபால் துறை. 2025 ஆகஸ்ட் 4-ல நாடு முழுக்க ஏ.பி.டி. என்கிற புது மென்பொருளுக்கு மாறினாங்க. 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள்! முதல்ல கர்நாடக வட்டத்துல மட்டும் மாத்திப் பார்த்தாங்க. 4 லட்சத்துக்கும் மேலான ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. மாறுறதுக்கு முன்னால ஒருநாள் பரிவர்த்தனை கிடையாதுன்னு பொதுமக்களுக்கு முன்கூட்டியே சொன்னாங்க. இவ்வளவு செஞ்சும் ஆரம்ப நாள்கள்ல பல ஊர்ல சர்வர் மந்தமாகி வரிசை நீண்டதா செய்தி வந்துச்சு. இத்தனை ஒத்திகைக்குப் பிறகே இப்படின்னா, ஒத்திகையே இல்லாம நேரா இறங்குற கடையோட கதி?

ஒத்திகை அரைகுறையா இருந்தா என்ன ஆகும்னு இங்கிலாந்தோட டி.எஸ்.பி. வங்கியைக் கேட்கலாம். 2018 ஏப்ரல்ல ஒரே வார இறுதியில 50 லட்சம் வாடிக்கையாளர்களோட கணக்கைப் புது சிஸ்டத்துக்கு மாத்தினாங்க. லட்சக்கணக்கான பேரால தங்கள் கணக்குக்குள்ளேயே போக முடியலை. சில சோதனைகளை இரண்டு டேட்டா சென்டர்ல ஒண்ணுல மட்டும்தான் செஞ்சிருந்தாங்கன்னு பின்னால விசாரணையில தெரிஞ்சது. 2022 டிசம்பர்ல விழுந்த அபராதம் 4.86 கோடி பவுண்டு.

சரி, பேக்கப் இருந்தா தப்பிச்சிடலாமேன்னு தோணும். கிட்லேப் கதை அதுக்குத்தான். 2017 ஜனவரி 31 அன்னைக்கு ஒரு இன்ஜினியர் தவறான சர்வர்ல கையை வச்சதுல சுமார் 300 ஜி.பி. டேட்டா அழிஞ்சது. பேக்கப்பைத் தேடினா ஒண்ணும் இல்லை! டேட்டாபேஸ் 9.6-க்கு அப்கிரேடு ஆயிருக்கு, பேக்கப் எடுக்குற புரோகிராம் 9.2-லேயே நின்னுருக்கு. வெர்ஷன் ஒத்துப்போகாததால பேக்கப் தினமும் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப்போச்சுன்னு சொல்ற மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரலை. வேறொரு வேலைக்காகத் தற்செயலா எடுத்து வச்ச நகல் ஒண்ணு இருந்ததால 6 மணி நேர டேட்டாவோட இழப்பு நின்னது.

இதுல நான் எடுத்துக்கிற பாடம் ஒண்ணுதான்: திரும்ப ஏத்திப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. பென் டிரைவ்ல ஃபைல் இருக்குன்னு அண்ணாச்சி சொன்னா, அதை வேற கம்ப்யூட்டர்ல ஏத்தி, நேத்து போட்ட கடைசி பில் தெரியுதான்னு பார்க்கணும். தெரிஞ்சா மட்டும்தான் அடுத்த பேச்சு.

தமிழ்ல பேர் போடுற கடைக்கு இன்னொரு கண்டமும் இருக்கு. மைஎஸ்கியூஎல் 8.0-ல இயல்பான எழுத்துத் தொகுப்பு லேட்டின்1-லிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு மாறிச்சு. பழைய டேபிள்ல தமிழ் எப்படியோ ஒட்டிக்கிட்டு ஓடிட்டிருந்தா, மாத்துற விதம் தப்பும்போது 'கோமதி' என்கிற பேர் நாலஞ்சு கேள்விக்குறியா வந்து நிக்கும். பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச பேர்னா முதல்ல யூனிகோடுக்கு மாத்தணும். இடமும் பார்க்கணும்: யுடிஎஃப்8-ல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு, 'கோ'ன்னு எழுதினாலே 6 பைட்டு.

அப்போ நம்ம ஊர்க் கடைக்கு என்ன திட்டம்? என் கணக்குல இவ்வளவுதான்:

1. எந்த வெர்ஷன், எந்த பிரிண்டர், பில்லுக்குன்னு தனியா எழுதின புரோகிராம் எது, இதெல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. அப்கிரேடுல முதல்ல உடையுறது பெரும்பாலும் அந்தத் தனிப் புரோகிராம்தான்.

2. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல நகலை ஏத்தி, அதுல அப்கிரேடு பண்ணிப் பாருங்க. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு குறிச்சு வைங்க.

3. முன்னும் பின்னும் பேரேட்டு மொத்தம், சரக்கு இருப்பு, கடைசி பில் நம்பர் மூணும் ஒத்துப்போகணும்.

4. நாள் பார்த்து வைங்க. ஆடித்தபசு வாரம், தீபாவளிக்கு முந்தின வாரம், மார்ச் கடைசி, மாசாமாசம் ஜி.எஸ்.டி. தாக்கல் பண்ற நாள்கள் எல்லாம் வேண்டாம்.

5. திரும்புற வழியை முன்னாடியே முடிவு பண்ணுங்க. உதாரணத்துக்கு, டேலிபிரைம் 3.0-க்கோ அதுக்குப் பின்னால வந்ததுக்கோ மாத்தின டேட்டாவைப் பழைய வெர்ஷன்ல திறக்க முடியாது. மாத்தாத நகல் கையில இருந்தாத்தான் திரும்ப முடியும். "மத்தியானம் 2 மணிக்குள்ள சரியாகலைன்னா பழசுக்கே போறோம்"னு முதலாளியோட முதல்லயே பேசி வச்சுக்கணும்.

இதுக்குப் பெரிய செலவு ஒண்ணும் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இல்லாதது ஆள்தான். அங்கேதான் நாம வர்றோம் மக்களே!

நாலாவது செமஸ்டர்ல ஷேடோ பேஜிங், ஏரிஸ் அல்காரிதம்னு டேட்டா மீட்பைப் படிக்கிறோம். பதிமூணு மார்க்குக்கு எழுதவும் செய்றோம். ஆனா ஒரு பேக்கப்பைத் திரும்ப ஏத்திக் காட்டுன்னு லேப்ல கேட்டா எத்தனை பேர் செய்வோம்? டி.பி.எம்.எஸ். லேப்ல ஒரே ஒரு பயிற்சி கூடணும்னு கேக்குறேன்: பழைய வெர்ஷன்ல ஒரு டேட்டாபேஸ், அதைப் புது வெர்ஷனுக்கு மாத்து, நடுவுல வேணும்னே கெடு, பிறகு மீட்டுக் காட்டு. சிலபஸ் மாறுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துறைச் சங்கமே நடத்தலாம்.

"பசங்க கையில கடைக் கணக்கைக் கொடுக்கலாமா?"ன்னு ஒரு தயக்கம் வரும். வரவும் வேண்டும். யாருக்கு எவ்வளவு கடன்னு அதுல இருக்கு. அதனால டேட்டா கடையை விட்டு வெளியே வரக்கூடாது. நம்ம பென் டிரைவ், நம்ம லேப்டாப் எதுவும் கூடாது. முதலாளி பக்கத்துல இருக்கும்போது, அவர் கம்ப்யூட்டர்லயே வேலை. மாத்துறது அவர் சாஃப்ட்வேர்காரரே செய்யட்டும். பேக்கப் உயிரோட இருக்கான்னு சோதிச்சுக் கொடுக்கிறது மட்டும் நம்ம வேலையா இருக்கட்டும்.

இந்த செமஸ்டர் லீவுல ஆளுக்கு ஒரு கடை எடுத்தாலே போதும். முதல் கேள்வி ரொம்ப எளிசு: "அண்ணாச்சி, கடைசியா பேக்கப்பைத் திறந்து பார்த்தது எப்போ?"