தங்கம் உள்ளே போச்சு... வெளியே வருமா?

இருட்டுல செல்போன் டார்ச்சைப் போட்டு, அது மேல விரல் நுனியை வைங்க. விரல் செக்கச்செவேல்னு எரியும். சின்ன வயசுல எல்லாரும் பண்ணின சேட்டைதான். உள்ளே போறது வெள்ளை வெளிச்சம், வெளியே வர்றது மட்டும் ஏன் சிவப்பு? நீலத்தையும் பச்சையையும் ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் முழுங்கிடுது பாஸ்! சிவப்பையும் தாண்டி அகச்சிவப்புப் பக்கம் போனா, சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரை உடம்பு வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் நல்லாவே வழிவிடும்.

இந்த அகச்சிவப்பு ஒளியை நம்பி வந்ததுதான் ஓ.சி.டி. ஸ்கேன். 1991-ல அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு உலகத்துக்குக் காட்டின டெக்னிக். அல்ட்ராசவுண்ட்ல ஒலி செய்யற வேலையை இதுல ஒளி செய்யும். கத்தி படாம தோலுக்கு அடியில 1, 2 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் பார்க்கலாம். சிக்கல் என்னன்னா, தோல் வெளிச்சத்தைக் கன்னாபின்னானு சிதறடிக்கும். புற்றுநோய் செல், நல்ல செல் ரெண்டும் ஒரே சாம்பல் நிறமாத் தெரியும். மெலனோமா மாதிரி தோல் புற்றுநோயை ஆரம்பத்துலயே பிடிச்சா வெட்டி எடுத்துடலாம். பரவிட்டா உயிருக்கே ஆபத்து. அதனால அந்தச் சாம்பலுக்குள்ள எது எதுன்னு தெரிஞ்சாகணும்.

இங்கேதான் தங்கத்தோட என்ட்ரி. தங்கத்தை 20 நானோமீட்டர் உருண்டையா நொறுக்கிட்டா மஞ்சள் காணாமப்போய், கலந்த தண்ணி ரூபி சிவப்பாகிடும். 1857-லயே ஃபாரடே இதைப் பற்றி எழுதிட்டார். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்துல நவோமி ஹாலஸ் குழு, சிலிக்கா உருண்டை மேல தங்கத்தைப் போர்வையாப் போர்த்துச்சு. போர்வையோட தடிமனை மாற்றினா, துகள் எந்த நிற ஒளிக்கு மசியும்ங்கிறதையே மாற்றலாம். அப்படியே அகச்சிவப்புக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க! 2005-ல ஜார்ஜியா டெக்ல முஸ்தபா எல்-சயீதும் டாக்டரான அவர் மகனும் தங்கத்துகள் மேல ஆன்டிபாடியை ஒட்டி வாய்ப் புற்றுநோய் செல்கள் மேல விட்டாங்க. துகள்கள் தேடிப்போய் ஒட்டிக்க, மைக்ராஸ்கோப்ல அந்த செல்கள் தகதகனு மின்னுச்சு.

நம்ம சிம்போஸியங்கள்ல 'நானோ'னு தொடங்குற பேப்பர்கள் பாதி இந்த ஸ்லைடோட 'தேங்க் யூ' சொல்லிடும். ஆனா, மின்னினது கண்ணாடித் தட்டுல இருந்த செல்கள். மனுஷனுக்குள்ள விட்டா என்ன ஆகும்?

முதல்ல, தோல் உள்ளேயே விடாது. சன்ஸ்க்ரீன்ல இருக்கிற துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள்கள் பெரும்பாலும் மேல இருக்கிற செத்த செல் அடுக்கோட நின்னுடும். சன்ஸ்க்ரீனுக்கு அது நல்லது, ஸ்கேனுக்கு ஆகாது. சரி, ஊசியில ஏத்தினா? பெரிய துகள்கள் கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் போய் டேரா போட்டுடும். சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளணும்னா, சைஸ் சுமார் 5.5 நானோமீட்டருக்குள்ள இருக்கணும்னு 2007-ல ஒரு ஹார்வர்டு ஆய்வு சொல்லுச்சு.

'அப்போ குட்டியாப் பண்ணிடலாமே'னு கேட்பீங்க. இயற்பியல் விடாது. இவ்வளவு சின்னத் துகள் சிதறடிக்கிற ஒளி, விட்டத்தோட ஆறாவது அடுக்கைப் பொறுத்தது. சைஸைப் பாதியாக்கினா வெளிச்சம் 64-ல ஒரு பங்கு! பளிச்சுனு தெரியற துகள் வெளியே போகாது, வெளியே போற துகள் தெரியாது. எனக்கென்னவோ, இந்தக் கதையில தங்கத்தைவிட சிறுநீரகத்துக்குத்தான் பெரிய ரோல்.

கார்னெல் பல்கலைக்கழகத்துல உல்ரிச் வீஸ்னர் ரூட்டையே மாற்றினார். சிதறல் வேண்டாம், தானா ஒளிரட்டும்! சிலிக்கா உருண்டைக்குள்ள ஒளிரும் சாயத்தைப் பூட்டினார். சைஸ் 6, 7 நானோமீட்டர்தான். 2011-ல மனிதர்கள்கிட்ட சோதிக்க அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. 2014-ல வந்த முதல் முடிவு, பரவிய மெலனோமா இருந்த 5 பேரைப் பற்றியது. துகளோட கதிரியக்க அயோடினையும் கட்டிவிட்டு, அது எங்கெங்கே போகுதுனு பெட் ஸ்கேன்ல பின்தொடர்ந்தாங்க. பெருசா பக்கவிளைவு இல்லை. துகள்கள் சிறுநீர்ல வெளியேறுச்சு. தலை, கழுத்துல மெலனோமா வந்தவங்களுக்கு, நோய் முதல்ல பரவக்கூடிய நிணநீர் முடிச்சை ஆபரேஷன் டேபிள்லயே கேமராவில தேட இதே துகள் உதவின ரிசல்ட் 2021-ல வந்துச்சு.